ஆற்றங்கரையில் அரும்பிய நூல்

நூல்கள் தோன்றும் இடங்கள் பல. அரசவையில் தோன்றிய நூல்கள் உண்டு. சிறைக்கூடத்தில் தோன்றிய நூல்கள் உண்டு. போர்க்களத்தின் நினைவிலும் நெடும்பயணத்தின் களைப்பிலும் பிறந்தனவும் உண்டு. கையில் தூண்டிற்கோலை ஏந்தி, ஆற்றங்கரையில் அமைதியாக அமர்ந்திருந்த பொழுதுகளில் உருவான நூல் ஒன்றும் உலகில் உள்ளது. அதனை இயற்றியவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஐசக் வால்டன் என்பவர். துணி வணிகராய் வாழ்ந்த அவர், பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். ஆயினும், அவர் 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், 350 ஆண்டுகளுக்கு மேலாகியும் மறையாமல், நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்டு நிலைபெற்று விளங்குகின்றது. ஓய்வுப் பொழுதினை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை அவரது வரலாறு நமக்கு எடுத்துரைக்கும்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1593ஆம் ஆண்டு ஐசக் வால்டன் பிறந்தார். அவருடைய தந்தையார் விடுதி ஒன்றினை நடத்தி வந்தவர். பிள்ளைக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே அவர் இறந்துபோனார். அன்னையார் மறுமணம் செய்துகொண்டார். செல்வமோ செல்வாக்கோ இல்லாத எளிய குடும்பத்தில் வால்டன் வளர்ந்தார்.

இளமையிலேயே அவர் பிழைப்பினை நாடி இலண்டன் மாநகரை அடைந்தார். அங்கே அவருடைய தமக்கையின் கணவர் துணி வணிகம் செய்து வந்தார். அவரிடம் வால்டன் தொழில் பழகும் மாணவராய் அமர்ந்தார். அக்காலத்தில் இலண்டனில் வணிகம் செய்ய விரும்புவோர் ஏதேனும் ஒரு வணிகர் குழுவில் உறுப்பினராதல் வேண்டும். வால்டன் 1618இல் இரும்பு வணிகர் குழுவின் உரிமை பெற்ற உறுப்பினராயினார். குழுவின் பெயர் இரும்பு வணிகர் குழு எனினும், அவர் விற்றது துணியே. ஃபிளீட் தெரு என்னும் பெயர்பெற்ற வீதியில் அவர் கடை அமைந்தது. நேர்மையினாலும் இன்சொல்லினாலும் அவர் வணிகம் தழைத்தது.

நல்லார் நட்பு

வால்டன் வாழ்ந்த வட்டாரத்துத் தேவாலயத்திற்கு 1624இல் ஜான் டன் என்பவர் குருவாக வந்தார். அவர் இலண்டனின் பெரிய தேவாலயமாகிய தூய பவுல் ஆலயத்தின் தலைமைக் குருவாகவும் விளங்கியவர். ஆங்கில மொழியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவர். அந்தப் பெரும் புலவர், துணிக்கடை வணிகராகிய வால்டனைத் தம் நண்பராக ஏற்றுக்கொண்டார். 1631இல் டன் மறையும் வரை அந்நட்பு நீடித்தது.

டன் வாயிலாகச் சான்றோர் பலர் வால்டனுக்கு அறிமுகமாயினர். அவர்களுள் சர் ஹென்றி வாட்டன் குறிப்பிடத்தக்கவர். வெனிசு நகரில் ஆங்கில அரசரின் தூதராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். முதுமையில் ஈட்டன் கல்லூரியின் தலைவராக அமர்ந்திருந்தார். கல்லூரியின் அருகே தேம்சு ஆறு பாய்கின்றது. அங்கே வாட்டனும் வால்டனும் தூண்டிலோடு அமர்ந்து மீன் பிடிப்பர், பேசி மகிழ்வர். தூண்டிற்கலையைப் பற்றி நூல் ஒன்று எழுதவேண்டும் என்னும் எண்ணம் வாட்டனுக்கு இருந்தது. தம் நண்பராகிய டன்னின் வரலாற்றை எழுதவும் அவர் எண்ணியிருந்தார். அதற்குரிய செய்திகளைத் திரட்டித் தருமாறு வால்டனை வேண்டிக்கொண்டார். ஆனால், 1639இல் வாட்டன் காலமானார். இரண்டு நூல்களும் எழுதப்படாமலே நின்றுவிட்டன.

டன்னின் வரலாறு எழுதப்படாமற் போவதை வால்டன் மனம் பொறுக்கவில்லை. செய்தி திரட்டித் தரவேண்டியவராயிருந்த அவரே எழுதுகோலை எடுத்தார். அவர் எழுதிய வரலாறு, 1640இல் டன்னின் சொற்பொழிவுத் தொகுதியோடு சேர்ந்து வெளிவந்தது. கற்றோர் அதனைப் பாராட்டினர். பிற்காலத்தில் வாட்டன், ஹூக்கர், ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகிய நால்வருடைய வரலாறுகளையும் வால்டன் எழுதினார். வாட்டன் எண்ணி முடிக்காமற்போன மற்றொரு நூல், தூண்டில் பற்றிய நூல், இன்னும் எஞ்சி நின்றது.

துன்பமும் உள்நாட்டுப் போரும்

வால்டனின் இல்வாழ்க்கை துன்பம் நிறைந்தது. 1626இல் அவர் இராக்கேல் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் எழுவர் பிறந்தனர். எழுவருள் ஒருவரேனும் வளர்ந்து ஆளாகவில்லை. 1640இல் மனைவியும் இறந்தார். ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு சவப்பெட்டிகளை இடுகாட்டிற்கு அனுப்பிய தந்தையின் உள்ளம் எத்துணைப் புண்பட்டிருக்கும்! பின்னர் 1647இல் அவர் ஆன் கென் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுள் ஒரு மகளும் ஒரு மகனும் நிலைத்து வாழ்ந்தனர்.

வீட்டில் துன்பம் சூழ்ந்த அதே காலத்தில் நாட்டிலும் பெருங்கலகம் மூண்டது. அரசர் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்திற்கும் இடையே 1642இல் போர் தொடங்கியது. தந்தை ஒருபுறமும் மகன் ஒருபுறமும் நின்று பொருதனர். நாடக அரங்குகள் மூடப்பட்டன. வழிபாட்டு முறை மாற்றப்பட்டது. பழைய முறையைப் பின்பற்றிய குருமார் பலர் தம் ஆலயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1649இல் அரசர் தலை துணிக்கப்பட்டார். வால்டன் அரசர் பக்கம் பற்றுடையவர். வெளியேற்றப்பட்ட குருமார் பலர் அவருடைய நெருங்கிய நண்பர்.

1651இல் வூஸ்டர் என்னும் இடத்தில் நடந்த போரில், கொல்லப்பட்ட அரசரின் மைந்தர் இரண்டாம் சார்லஸ் தோற்று ஓடினார். அவர் அணிந்திருந்த மணிப்பதக்கம் ஒன்று ஸ்டாஃபோர்டு வட்டாரத்தில் மறைத்து வைக்கப்பட்டது. பகைவர் கையில் அகப்படாமல் அதனை இலண்டனுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு வால்டனிடம் வந்தது. அகப்பட்டால் பெருந்தண்டனை உறுதி. வயது ஐம்பத்தெட்டு நிரம்பிய அம்முதியவர் அஞ்சாமல் அதனைக் கொண்டு சென்று, இலண்டன் கோட்டைச் சிறையில் இருந்த உரிய வீரரிடம் ஒப்படைத்தார். அவ்வீரர் பின்னர்ச் சிறையிலிருந்து தப்பிச் சென்று அதனை அரசரிடம் சேர்ப்பித்தார். அமைதியை நாடிய வால்டன் அஞ்சியொதுங்கியவர் அல்லர் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

ஆறு கற்பித்த பாடம்

இலண்டனுக்கு வடக்கே லீ என்னும் சிற்றாறு பசும்புல்வெளிகளின் ஊடே தவழ்ந்து வந்து தேம்சு ஆற்றில் கலக்கின்றது. வால்டன் ஓய்வு வாய்த்தபோதெல்லாம் அவ்வாற்றங்கரைக்குச் செல்வார். விடியற்காலையில் நகரை விட்டுப் புறப்பட்டு, டாட்டன்காம் மேட்டினைக் கடந்து, வேர் என்னும் ஊர்வரை நடப்பார். கையில் நீண்ட தூண்டிற்கோல். அதன் நுனியில் குதிரைவால் மயிரைத் திரித்து முடைந்த கயிறு. தோளில் ஒரு பை. இவையே அவர் கருவிகள்.

தூண்டில் போடுவோன் வாளா இருப்பவன்போல் தோன்றுவான். உண்மையில் அவன் கண்ணும் செவியும் ஓயாமல் தொழிற்படுகின்றன. நீரோட்டம் எங்கே விரைகின்றது, எங்கே தேங்குகின்றது, வேரடியில் எந்த மீன் பதுங்குகின்றது, மேகம் மூடினால் அது என்ன செய்கின்றது, எந்தத் திங்களில் எந்தப் பூச்சி நீர்மேல் பறக்கின்றது என்பனவற்றை எல்லாம் அவன் கவனிக்க வேண்டும். அவசரம் கொண்டவனுக்கு ஆறு எதனையும் சொல்வதில்லை. பல்லாண்டு பொறுமையோடு அமர்ந்திருந்த வால்டனுக்கு அது மிகப் பலவற்றைச் சொல்லிற்று. மீனை மட்டும் அவர் பார்க்கவில்லை. வேலியில் பூத்த கொடியினையும், வானில் எழுந்து பாடும் வானம்பாடியினையும், பால் கறக்கும் பெண்ணையும், மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கரையும் கண்டு மனத்தில் பதித்துக்கொண்டார். ஆற்றங்கரை விடுதியில் இரவு தங்கும்போது உடன் உறைவோரின் பாட்டையும் பேச்சையும் செவிமடுத்தார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சேர்ந்த செல்வமே நூலாயிற்று.

நூலின் இயல்பு

நண்பர் வாட்டன் எழுத எண்ணி எழுதாது சென்ற நூலை, வால்டன் தம் அறுபதாம் வயதை எட்டும் வேளையில் வெளியிட்டார். அதன் பெயர் 'கம்ப்ளீட் ஆங்கிலர்' என்பது. தூண்டிற்கலையில் முற்றத் தேர்ந்தவன் என்பது அதன் பொருள். 1653இல் வெளிவந்த அச்சிறு நூலின் விலை 18 பென்சு. அவ்வாண்டில்தான் ஆலிவர் கிராம்வெல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, நாட்டின் தலைமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஊரெங்கும் வாதமும் வசையும் மிகுந்த துண்டு நூல்கள் பரவியிருந்தன. அவற்றின் நடுவே, யாரையும் ஏசாத இந்நூல், வெயிலில் நடந்தவனுக்கு நிழல் கிடைத்தாற்போல் மக்களுக்கு வாய்த்தது.

நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. மே மாதக் காலைப்பொழுதில் தூண்டிற்காரன் ஒருவன் வழிநடைக்காரன் ஒருவனைச் சந்திக்கின்றான். 1655இல் வந்த இரண்டாம் பதிப்பில் வால்டன் நூலை மிக விரித்து, வேட்டைக்காரன், வல்லூறு வளர்ப்போன், தூண்டிற்காரன் என மூவர் சந்திப்பதாக மாற்றினார். ஒவ்வொருவனும் தன் தொழிலே சிறந்தது என்று நயம்பட எடுத்துரைக்கின்றான். இறுதியில் வேட்டைக்காரன் தூண்டிற்காரனுக்கு மாணவன் ஆகின்றான். இருவரும் லீ ஆற்றங்கரை வழியே நடக்கின்றனர். ஆசிரியன் மீன் வகைகளை ஒவ்வொன்றாக விளக்குகின்றான்; இரை தேடும் முறையையும், மீனைச் சமைக்கும் பக்குவத்தையும் சொல்கின்றான். இடையிடையே பாட்டும் கதையும் வருகின்றன. பிடித்த மீனை வழியில் கண்ட பால்காரப் பெண்ணுக்கும் அவள் அன்னைக்கும் அளித்து, அதற்கு ஈடாக அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்கும் காட்சி மிக இனியது.

நூலில் பிழைகளும் உள்ளன. பைக் என்னும் மீனுள் ஒருசில நீர்ப்பூண்டிலிருந்து தோன்றுவதாகவும், விலாங்கு பனித்துளியிலிருந்து பிறப்பதாகவும் பழைய நூல்களில் கண்டவற்றை வால்டன் எடுத்துக் கூறியுள்ளார். பிற்கால அறிவியல் இவற்றைத் தவறென மெய்ப்பித்தது. உயிருள்ள தவளையை இரையாகக் கோக்கும் முறையை அவர் விளக்கியதனைக் கண்டு, பைரன் முதலிய பிற்காலத்தார் அவரைக் கொடியவர் என்று கடிந்தனர். அக்கடிதல் முற்றும் பொருந்தாது என்று தள்ளிவிடுதற்கில்லை. இக்குறைகளைக் கடந்தும் நூல் வாழ்கின்றது. காரணம், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரின் அமைந்த உள்ளம் வெளிப்படுவதே ஆகும்.

தெரியாததை ஒப்புக்கொண்ட பெருமை

தூண்டிற்கலையில் ஒரு நுட்பமான பிரிவு உண்டு. டிரவுட் என்னும் மீன், நீர்மேல் மிதந்து வரும் ஈக்களையும் பூச்சிகளையும் விரும்பி உண்ணும். ஆதலின், புழுவினை முள்ளில் கோக்காமல், பறவையின் இறகு, விலங்கின் மயிர், பட்டு நூல் ஆகியவற்றால் ஈயின் உருவத்தை முள்ளின்மேல் கட்டி, அதனை நீர்ப்பரப்பில் மெல்ல விழச் செய்வர். மெய்யான ஈ என்று மயங்கி மீன் அதனைக் கவ்வும். இதற்குக் கண்ணின் கூர்மையும் கையின் நயமும் மிகுதியும் வேண்டும்.

புழுவும் பிற இரைகளும் இட்டு மீன் பிடிப்பதில் வால்டன் வல்லவர். ஈக்கலையில் அவர் அத்துணைத் தேர்ச்சியுடையவர் அல்லர். அதனை அவர் மறைக்கவில்லை. தாமஸ் பார்க்கர் என்பவர் அக்கலை பற்றிச் சொல்லியவற்றையே தாம் எடுத்துரைப்பதாக நூலில் வெளிப்படையாகக் குறித்தார். 'முற்றத் தேர்ந்தவன்' என்று நூலுக்குப் பெயரிட்டவர், தம்மிடத்தில் உள்ள குறையைத் தாமே சுட்டிக்காட்டியது வியக்கத்தக்கதன்றோ!

அக்குறையை நிரப்ப இளைஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் சார்லஸ் காட்டன். 1630இல் பிறந்த அவர் வால்டனை விட 37 ஆண்டு இளையவர். டவ் என்னும் தெளிந்த ஆற்றின் கரையில், பெரஸ்ஃபோர்டு மாளிகையில் வாழ்ந்த செல்வக்குடியினர், கவிஞர். ஆயினும், கடன்சுமையால் ஓயாது அல்லலுற்றவர். கேளிக்கை மிகுந்த அந்த இளைஞருக்கும், அடக்கமே உருவான அம்முதியவருக்கும் ஆற்றங்கரை நட்பினை உண்டாக்கிற்று. காட்டன் வால்டனைத் தந்தையென்றே அழைத்தார். தம்மை அவருடைய மகனாகக் கருதிக்கொண்டார். ஆற்றங்கரையில் கல்லால் ஒரு சிறு மனையை 1674இல் எழுப்பி, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னி அதன் வாயிலின்மேல் பொறிக்கச் செய்தார்.

தெள்ளிய ஓடையில் ஈயால் மீன் பிடிக்கும் முறையினை விளக்கி, வால்டனின் நூலுக்கு இரண்டாம் பகுதியாகக் காட்டன் ஒரு நூல் எழுதினார். பத்து நாளினும் சற்று மிகுந்த காலத்தில் அது எழுதி முடிக்கப்பட்டது. தெளிந்த நீரில் மீன் மனிதனை எளிதில் கண்டுகொள்ளும். ஆதலால் மெல்லிய கயிறு கொண்டு எட்ட நின்று வீச வேண்டும் என்றார். முள்ளில் கட்டும் மயிரின் நிறத்தைக் கையில் வைத்துப் பார்த்தல் போதாது. கண்ணுக்கும் கதிரவனுக்கும் இடையே பிடித்துப் பார்த்தால்தான் உண்மை நிறம் புலப்படும் என்றார். எந்தத் திங்களுக்கு எந்த ஈ என்று வகுத்து, 60க்கும் மேற்பட்ட ஈக்களைக் கட்டும் முறையைச் சொன்னார். இப்பகுதியும் சேர்ந்து 1676இல் நூலின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. அப்போது வால்டனுக்கு வயது 82. தாம் எழுதாமல் விட்ட பகுதியைத் தம் மகனை ஒத்த இளைஞர் எழுதி நிறைவாக்கக் கண்டு அம்முதியவர் மகிழ்ந்தார். முன்னொரு நாள் வாட்டன் விட்டுச் சென்ற பணியை வால்டன் எடுத்து முடித்தார். வால்டன் விட்ட குறையைக் காட்டன் நிறைவு செய்தார். ஒரு நண்பர் குறையை மற்றொரு நண்பர் நிரப்ப, நூல் முழுமை பெற்றது.

இறுதிக் காலம்

1660இல் முடியாட்சி மீண்டது. வால்டனின் நண்பர் ஜார்ஜ் மார்லி பின்னர் வின்செஸ்டர் நகரின் பேராயராக அமர்ந்தார். 1662இல் இரண்டாம் மனைவியையும் இழந்த வால்டன், தம் முதுமையை அப்பேராயரின் ஆதரவிலும் மகளின் இல்லத்திலும் கழித்தார். எழுதுதலையும் மீன் பிடித்தலையும் அவர் விட்டுவிடவில்லை.

1683ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பிய நிலையில், அவர் தம் இறுதி முறியைத் தம் கைப்படவே எழுதத் தொடங்கினார். ஸ்டாஃபோர்டு அருகே ஷாலோஃபோர்டு என்னும் இடத்தில் அவருக்கு நிலமும் வீடும் இருந்தன. தம் மகன் குறிப்பிட்ட வயதுவரை மணம் செய்துகொள்ளாவிடில், அவற்றின் வருவாய் தாம் பிறந்த ஊரின் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்று அதில் குறித்தார். ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள் இருவரை ஆண்டுதோறும் தொழில் பழக அனுப்புதற்கும், பணிப்பெண் ஒருத்தியின் திருமணத்திற்கு உதவுதற்கும், குளிர்காலத்தில் எளியோர்க்கு நிலக்கரி வாங்கித் தருதற்கும் அது பயன்பட வேண்டும் என்று வகுத்தார். தந்தையை இழந்து, தொழில் பழகும் சிறுவனாய் நகருக்குச் சென்ற தம் இளமையை அவர் மறக்கவில்லை போலும்.

1683 டிசம்பர் 15ஆம் நாள் வின்செஸ்டரில் வால்டன் காலமானார். அந்நகரின் பேராலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1914இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள தூண்டிற்காரர்கள் பொருள் திரட்டி, அவ்வாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றினை அமைத்தனர். ஆற்றங்கரையில் அவர் நூலுடன் அமர்ந்திருக்கும் காட்சி அதில் தீட்டப்பட்டுள்ளது.

ஓய்வு எல்லார்க்கும் வாய்ப்பதே. அதனை உறங்கிக் கழிப்பாரும் உளர். பிறரைப் பழித்துக் கழிப்பாரும் உளர். குழந்தைகளைப் பறிகொடுத்த துயரிலும், நாடு பிளவுண்ட கலக்கத்திலும், வால்டன் தம் ஓய்வை ஆற்றங்கரைக்குக் கொண்டு சென்றார். கூர்ந்து நோக்கினார், பொறுமையோடு காத்திருந்தார், கண்டதை எளிய சொல்லில் எழுதினார், அறியாததை அறியேன் என்று ஒப்புக்கொண்டார். அவர் காலத்தில் எழுந்த வசை நூல்கள் பல மறைந்தொழிந்தன. அவர் நூல் வாழ்கின்றது. நூல் எழுத விரும்புவோர்க்கேயன்றி, நல்வாழ்வு வாழ விரும்பும் அனைவர்க்கும் அவர் வாழ்க்கை நல்லதொரு வழிகாட்டியாகும்.